மணலி அடுப்பில் புயாபேஸ்

வடசென்னை மணலியில் ஒரு வீட்டில் பிரெஞ்சுச் சமையலா என்று கேட்பவர்களுக்கு நான் பழைய கதையைத்தான் சொல்வேன். 1746இல் சென்னைக் கோட்டையைப் பிடித்த பிரெஞ்சுக்காரர்கள் 1749இல்தான் திருப்பிக் கொடுத்தார்கள். 1758 டிசம்பரில் பிரெஞ்சுப் படை மறுபடி வந்தது; தளபதி லாலி கோட்டையை முற்றுகையிட்டார். அன்றைய ஆங்கிலேய கவர்னர் பிகட்டின் துபாஷ், அதாவது மொழிபெயர்ப்பாளரும் தரகரும், எங்கள் ஊர்ப் பெயரைத் தாங்கிய மணலி முத்துகிருஷ்ண முதலியார். எதிர்ப்பக்கம், புதுச்சேரியில் பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேக்ஸுக்குத் துபாஷாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையோ சென்னைப் பெரம்பூரில் பிறந்தவர்.

துபாஷ்களின் பெயர் நிலைத்துவிட்டது. துரைமார் வீட்டு அடுப்படியில் நின்றவர்களின் பெயர் நிலைக்கவில்லை. அவர்கள்தான் எனக்கு முக்கியம். பாரிஸில் பிஸ்த்ரோ என்னும் சிற்றுணவகத்தில் விற்பதும் அடிப்படையில் வீட்டுச் சாப்பாடுதான். அந்த பிரெஞ்சு வீட்டுச் சாப்பாடு புதுச்சேரியில் வீட்டுக்கு வீடு, கைக்குக் கை மாறித் தமிழ்ச் சமையலானது. 1954இல் ஆட்சி கைமாறிய பிறகும் அந்த வீடுகள் அதை விடவில்லை. அந்தக் கைப்பக்குவத்தை லூர்து திருவாஞ்சியம் லூயி 'தி பாண்டிச்சேரி கிச்சன்' என்று புத்தகமாக்கினார். அவருக்கு நான் நன்றிக்கடன் பட்டவள்.

அந்தச் சமையலில் எனக்குப் பிடித்தது மீன் புயாபேஸ். பிரான்ஸின் மார்செய் துறைமுகத்துக் குழம்பு அது. அங்கே குங்குமப்பூ, நான் போடுவது மஞ்சளும் சோம்பும். காரப்பொடி மீனைத் தலை, முள்ளோடு வெங்காயம், பூண்டு, தக்காளி சேர்த்து வதக்கி, தண்ணீர் ஊற்றித் தளதளவென்று கொதிக்கவிட வேண்டும். அந்த வேகத்தில்தான் எண்ணெயும் சாறும் ஒன்றாகக் கலக்கும். நம் மீன்குழம்பில் எண்ணெய் பிரிந்து மிதப்பது பதம். இதில் அது பிழை. வடிகட்டிய சாற்றில் நண்டு முதலில், சங்கரா மீன் துண்டுகள் கடைசியில்.

பிரெஞ்சுச் சமையலுக்கு நாம் கொடுத்ததும் உண்டு. சின்ன வெங்காயம், பூண்டு, கடுகு, உளுந்து, கறிவேப்பிலையை விளக்கெண்ணெய் விட்டுப் பிசைந்து, வெயிலில் காயவைத்து நாம் உருட்டும் தாளிப்பு வடகம் இன்று 'வதுவான்' என்ற பெயரில் பிரெஞ்சுச் சமையல்காரர்கள் கையில் புழங்குகிறது.

மார்செய் உணவகக்காரர்கள் 1980இல் ஒரு சாசனம் எழுதி, எந்தெந்த மீன் போட்டால் புயாபேஸ் என்று வரையறுத்தார்கள். போலிகளைத் தடுக்கும் அந்த நோக்கத்தை மதிக்கிறேன். ஆனால் அந்த மீன்களை வைத்து என் சட்டியை அளப்பதை ஏற்கமாட்டேன். மீனவர்கள் விலைபோகாத பாறை மீன்களைப் போட்டுக் கரையிலேயே காய்ச்சிய குழம்புதான் புயாபேஸ். காசிமேட்டில் ஏலம் முடிந்து மலிவாகக் கிடைக்கும் காரப்பொடி என் சட்டிக்கு வருவதும் அந்த வழக்கப்படிதான்.