தீட்டும் சக்கரமும்

உடலில் ஏழு சக்கரங்கள் சுழல்கின்றன, அவற்றில் ஆற்றல் தடைபட்டால் நோய் வருகிறது, தொடாமலே கையை மேலே காட்டி அந்தத் தடையை நீக்கலாம் என்று சொல்லும் முகாம்கள் இன்று நம் பகுதிகளுக்கும் வந்துவிட்டன. நம் மாணவர்களும் போகிறார்கள். 'முன்னோர் கண்ட அறிவியல்' என்று அங்கே சொல்லித் தருகிறார்கள். எந்த முன்னோர், எப்போது, எப்படிக் கண்டார்கள் என்று வரலாற்றைக் கேட்பதே இந்த உரையின் வேலை.

முதலில் நூல்கள். பௌத்த ஹேவஜ்ர தந்திரம் நான்கு சக்கரங்களைச் சொல்கிறது. திருமந்திரம் ஆறு ஆதாரங்களைப் பேசுகிறது. 1577இல் வங்காளத்துப் பூர்ணானந்தர் எழுதிய ஷட்சக்ர நிரூபணம் ஆறு சக்கரங்களையும், அவற்றுக்கு மேலே ஆயிரம் இதழ்த் தாமரையையும் வைக்கிறது. எண்ணிக்கை ஏன் மாறுகிறது? தியானத்தில் அமர்பவர் உடலின் எந்த இடத்தில் எந்தத் தெய்வத்தை, எந்த எழுத்தை நினைத்து நிறுத்த வேண்டும் என்று வழிகாட்டும் சாதனை நூல்கள் அவை. மரபுக்கு மரபு சாதனை மாறியது, சக்கரங்களும் மாறின. அவற்றை உடற்கூறு நூல்களாக்கியவர்கள் பின்னால் வந்தவர்கள்.

கல்கத்தா உயர்நீதிமன்ற நீதிபதி ஜான் உட்ராஃப், ஆர்தர் அவலோன் என்ற பெயரில் பூர்ணானந்தரின் நூலை 1919இல் ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தார். 1927இல் பிரம்மஞான சபையின் லெட்பீட்டர் எழுதிய 'சக்கரங்கள்' நூல் சென்னை அடையாற்றிலிருந்து வெளிவந்தது. ஞானதிருஷ்டியால் நேரில் பார்த்ததாகச் சொல்லி, வண்ணப் படங்களோடு எழுதினார். ஏழு சக்கரங்களுக்கு வானவில்லின் ஏழு நிறங்களை வரிசையாகப் பங்கிட்டுத் தரும் இன்றைய சுவரொட்டியோ அவருக்கும் பிந்தியது. 1970களில் மேற்கில் பரவியது.

அடையாறு நமக்கு அந்நியமான இடமல்ல. 1894இல் கர்னல் ஆல்காட் நம் பிள்ளைகளுக்கு அங்கே இலவசப் பள்ளி திறந்தார். 1898இல் அயோத்திதாசர் அவரோடு இலங்கை சென்றார். அந்த நன்றி நமக்கு உண்டு. ஆனால் ஆல்காட்டுக்குப் பின் சபையின் தலைவரான அன்னி பெசன்ட் 1909இல் 'இந்தியன் ரிவ்யூ' இதழில் என்ன எழுதினார்? தாழ்த்தப்பட்டோரின் உடல் தலைமுறை தலைமுறையாக மதுவாலும் நாறும் உணவாலும் ஆனது. தூய உணவு உண்டு சில தலைமுறைகள் கடந்தால்தான் பிற பிள்ளைகளுக்கு அருகில் வகுப்பறையில் உட்காரும் தகுதி அந்த உடலுக்கு வரும் என்று எழுதினார். காந்தியும் காங்கிரசும் தீண்டத்தகாதோருக்குச் செய்தது குறித்து 1945இல் எழுதிய நூலில் அண்ணல் அம்பேத்கர் இதை எடுத்துக்காட்டிப் பதிவு செய்திருக்கிறார்.

நம் உடலில் தலைமுறைகளின் மாசைப் பார்த்தார் பெசன்ட். மனித உடலில் சுழலும் தாமரைகளைப் பார்த்தார் அவருடைய நெருங்கிய சகா லெட்பீட்டர். இரண்டையும் யார் சோதித்தார்கள்?

சோதித்துப் பார்த்தவர்கள் உண்டு. 1850களில் இளந்துறவி தயானந்த சரஸ்வதி கங்கையில் மிதந்த பிணம் ஒன்றைக் கரைக்கு இழுத்து, கத்தியால் அறுத்து, கையிலிருந்த யோக நூல்களோடு ஒப்பிட்டார். நூல்கள் சொன்ன சக்கரம் எதுவும் உள்ளே இல்லை. நூல்களைக் கிழித்துப் பிணத்தோடு ஆற்றில் எறிந்தார். இந்தத் தன்வரலாறு வெளியானதும் பிரம்மஞான சபையின் 'தியாசபிஸ்ட்' இதழில்தான்.

சக்கரம் நுண்ணுடலில் இருப்பது, கத்திக்குச் சிக்காது என்பார்கள். அப்படியானால் கைக்காவது சிக்க வேண்டுமே? லெட்பீட்டரிடம் பயின்ற டோரா குன்ஸ், செவிலியப் பேராசிரியர் டொலோரஸ் கிரீகருடன் சேர்ந்து 1972இல் அமெரிக்காவில் ஒரு சிகிச்சையை உருவாக்கினார். நோயாளியின் உடலைச் சூழ்ந்த ஆற்றலைக் கையால் உணர்ந்து சரிசெய்வது அது. எமிலி ரோசா என்ற 9 வயதுச் சிறுமி அந்தச் சிகிச்சையாளர்கள் 21 பேரைச் சோதித்தாள். நடுவில் அட்டைத் திரை. திரையின் துளைகள் வழியே அவர்கள் இரு கைகளையும் நீட்ட வேண்டும். சிறுமி நாணயத்தைச் சுண்டிப் பார்த்து, ஏதேனும் ஒரு கைக்கு மேலே தன் கையைப் பிடிப்பாள். எந்தக் கை என்று அவர்கள் சொல்ல வேண்டும். 280 முறையில் சரியாகச் சொன்னது 123 முறை, 44 சதவீதம். கண்ணை மூடிக்கொண்டு ஊகித்தாலே பாதி சரியாக இருக்கும். 1998இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழ் இந்த முடிவை வெளியிட்டது.

முகாமுக்குப் போனவர்கள் ஆறுதல் அடைந்தோம் என்பதை நாம் மறுக்கவில்லை. ஒருவர் அருகில் அமர்ந்து கனிவோடு பேசினால் மனம் இளகும், வலி சற்றுக் குறைந்தது போலிருக்கும். அந்த ஆறுதலை நம்பிப் புற்றுநோய்க்கும் சர்க்கரை நோய்க்கும் மருத்துவமனை போகாமலிருந்தால் உயிர் போகும்.

நமக்கு இதில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. ஒருவர் உடலிலிருந்து கண்ணுக்குத் தெரியாத ஒன்று கிளம்பி, தொடாமலே அடுத்தவர் உடலைப் பாதிக்கும் என்ற கூற்றுக்கு நம் ஊர்களில் ஏற்கெனவே ஒரு பெயர் உண்டு: தீட்டு. நிழல் பட்டால் தீட்டு, எதிரே வந்தால் தீட்டு, காற்று வந்தால் தீட்டு என்றார்கள். அந்தச் சிறுமியின் திரையை அவர்களுக்கும் நமக்கும் நடுவில் வைத்து, அந்தப் பக்கம் நிற்பவர் எந்தச் சாதி என்று கேட்டிருந்தால், எத்தனை பேருக்குச் சொல்லத் தெரிந்திருக்கும்? யாரும் கேட்கவில்லை. கேட்க முடியாத இடத்தில் நம்மை வைத்திருந்தார்கள்.

ஆகவே மாணவத் தோழர்களே, நல்ல ஆற்றல், கெட்ட ஆற்றல், தூய உடல், தூய்மையற்ற உடல் என்று யார் சொன்னாலும் திரையைக் கொண்டுவந்து நடுவில் வையுங்கள். இன்று கேட்கும் இடத்தில் இருப்பவர்கள் நாம்.