மரைக்காலும் இறாத்தலும்

மட்டக்களப்பு வாவியின் மேல்பால் விரிந்துள்ள படுவான்கரையில் முன்னாளில் நெல்லை நிறுத்தல் வழக்கன்று, அளத்தலே வழக்கு. களத்திலே மரைக்காலும், அடுக்களையிலே கொத்தும் சுண்டும் வழங்கின. விதைநெல்லின் அளவாகிய அவணமே வயலின் பரப்பையும் குறித்தது. நான்கு சுண்டு ஒரு கொத்து. ஆங்கிலேயர் ஆட்சியிற் பரவிய புசலுக்கு 32 கொத்து.

முகத்தலளவையை நிறுத்தலளவையாக மாற்றுங்கால் பொருளின் இயல்பு குறுக்கிடுகின்றது. ஒரு புசல் நெல் 46 இறாத்தல். ஒரு புசல் அரிசியோ ஏறத்தாழ 64 இறாத்தல். உமி இடத்தை அடைப்பது மிகுதி, நிறையோ குறைவு. ஆதலின் நெல்லைக் குற்றினால் நிறையில் மூன்றில் இரு பங்கு அரிசியாகத் தேறும். கொள்ளளவிலோ பாதியே தேறும். இரண்டு புசல் நெல்லுக்கு ஒரு புசல் அரிசி பெற்ற உழவன் ஏமாந்தானல்லன். குவித்தளந்த மரைக்காலில் அவன் இழந்தது வேறு கணக்கு!

பங்கீட்டரிசியும் கொத்துக் கணக்கிலேயே விலை பெற்றது. கொத்தொன்று இரண்டு இறாத்தல் எனக் கொள்ளப்பட்டது. 1953இல் அவ்விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்படவே, ஆகஸ்ட் 12ஆம் நாள் கர்த்தால் மூண்டது. அக்டோபரில் டட்லி சேனநாயக்க பிரதமர் பதவியைத் துறந்தார். பின்வந்த மெட்ரிக் முறையில் நெற்புசல் 20.87 கிலோவாயிற்று. சந்தையில் கிலோ வழங்கினும், உலையிலிடும் அரிசியைப் பலர் இன்றும் சுண்டாலேயே அளக்கின்றனர்.