சீருக்கு முன்னே, பங்குக்குப் பின்னே

கொங்கு வேளாளக் கவுண்டர் வீட்டுக் கல்யாணத்தில் இணைச்சீர் என்னும் சடங்கை நடத்த மாப்பிள்ளையின் உடன்பிறந்தவள் வேண்டும். இன்னார் மகள், இன்னார் தங்கை என்பது ஊருக்கே அன்று தெரிந்துவிடும். பிறகு அதை எழுதிவைக்க யாருக்கும் தோன்றியதில்லை.

சொத்துக்காரர் இறந்தபின் நீதிமன்றம் உறவுக்கு ஆதாரம் கேட்கும். அதற்கு இந்த ஊர்வழக்கமும் உதவக்கூடும். உறவினரை நன்கறிந்தவர்கள் அவரை எப்படி நடத்தினார்கள் என்பதையும் 1872-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம், 50-ஆம் பிரிவில், சான்றாக ஏற்றது. குடும்பத்தார் எப்போதும் மகனாகவே நடத்தி வந்தார்கள் என்றால் அதுவும் கணக்கில் வரும். ஆக, யார் எந்தச் சீரில் நின்றார்கள் என்று சொல்லக்கூடிய கிழவியின் வாக்குமூலத்துக்கும் மதிப்புண்டு.

இறந்த தேதி வேறு சங்கதி. பிறப்பு இறப்பைப் பதிய சென்னை மாகாணத்தில் 1899-லேயே சட்டம் வந்தும், பல குடும்பங்களில் ஒரு சாவின் ஆண்டு நினைவில் மட்டுமே நின்றது. ஊர்ப் பதிவுகளைப் பார்த்துவந்த பரம்பரை மணியம், கர்ணம் பதவிகள் 1980-இல் ஒழிந்தன. இன்று அவர்கள் இடத்தில் கிராம நிர்வாக அலுவலர் விசாரிக்க, தாசில்தார் வாரிசு சான்றிதழ் தருகிறார். தகராறு என்று வந்தால் அந்தத் தாள் போதாது, கோர்ட்டுக்குத்தான் போகவேண்டும்.

இதற்கு ஒரு தமிழ்நாட்டுக் கவுண்டர் குடும்பத்தின் வழக்கே சாட்சி. ஒருவர் 1938-இல் கோர்ட் ஏலத்தில் நிலம் வாங்கினார். அவருக்கு ஒரே மகள். அவள் 1967-இல் பிள்ளையில்லாமல் இறந்தாள். நிலம் வாங்கியவரின் உடன்பிறந்தவருக்கு ஒரு மகனும் நான்கு மகள்களும். இந்த நான்கு மகள்களில் ஒருவர் 1991-இல் ஐந்தில் ஒரு பங்கு கேட்டு வழக்குப் போட்டார். உறவில் சிக்கலில்லை. நிலம் வாங்கியவர் இறந்தது 1949-லா, 1957-லா என்பதே சண்டை, ஏனென்றால் பெண்ணுக்கும் பங்கு தரும் இந்து வாரிசுரிமைச் சட்டம் நடுவே, 1956-இல் வந்தது.

கீழ்க்கோர்ட் 1949 என்றது. நிலம் ஆண்வழிக்கே போகும் என்று முடித்தது. உயர் நீதிமன்றமும் அதையே சொன்னது. 2022 ஜனவரி 20 அன்று, ‘அருணாசல கவுண்டர் எதிர் பொன்னுசாமி’ தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. ஆண்டு 1949 என்றே இருக்கட்டும், தானாகச் சம்பாதித்த சொத்து 1956-க்கு முன்பும் மகளுக்கே சேரும் என்றது. பழைய இந்துச் சட்ட நூலான மிதாட்சரத்தை அது விரிவாக எடுத்துப் பேசியது. பிள்ளையில்லாமல் இறந்த அந்த மகளுக்குப் பின் நிலம் அப்பனின் வாரிசுகளுக்கு வரும். அங்கே பெண்ணும் ஆணும் சமம். சட்டம் வழக்குப் போட்ட பெண்ணுக்கு முன்பே கொடுத்திருந்ததை ஒத்துக்கொள்ள 31 ஆண்டுகள் ஆனது பெரும் அநியாயம். தீர்ப்பின் தலைப்பிலேயே மேல்முறையீட்டாளர் அருணாசல கவுண்டரின் பெயரோடு ‘இறந்துவிட்டார்’ என்றிருக்கிறது. வழக்கை முடித்தவர்கள் அவருடைய வாரிசுகள்.