கட்சி இல்லாத ஓட்டு

தஞ்சாவூர் 2014-ல மாநகராட்சி ஆச்சு. 2022-ல மேயரைத் தேர்ந்தெடுத்தது கவுன்சிலர்கள்தான். மக்கள் நேரடியா ஓட்டுப் போடல.

ஊர் எல்லையைத் தாண்டினா கதை வேற. 2019 டிசம்பர்ல டெல்டா கிராமத்து வாக்காளர் கையில நாலு சீட்டு. மாவட்டத்துக்கும் ஒன்றியத்துக்கும் கட்சிச் சின்னம் உண்டு. வார்டு உறுப்பினருக்கும் ஊராட்சித் தலைவருக்கும் கிடையாது. சூரியனும் இலையும் இல்லாம பூட்டு சாவி, ஆட்டோ மாதிரி சின்னங்கள்தான்.

கட்சி போனா சண்டை போயிடுமா? இதுக்கு நான் சோழர் காலத்துக்குப் போறேன். பராந்தகன் காலத்து உத்திரமேரூர் கல்வெட்டுகள், 919, 921. முப்பது குடும்புகள்; ஓலையில பேர் எழுதி குடத்துல போட்டு, ஒரு சின்னப் பையனை எடுக்கச் சொல்வாங்க. கணக்குக் காட்டாதவரும் அவர் உறவினரும் நிக்க முடியாது. அபாரமான விதி! ஆனா நிலம் இருக்கணும், வேதம் தெரிஞ்சிருக்கணும். அதாவது, உழுதவங்க பேர் குடத்துக்குள்ளயே போகல.

இன்னைக்கு எல்லாருக்கும் ஓட்டு இருக்கு, பெண்களுக்கும் பட்டியல் சாதியினருக்கும் இடஒதுக்கீடு இருக்கு. ஆனா கொடி இல்லாத இடத்துல சாதியும் பங்காளி உறவும் சத்தமில்லாம வந்து உட்கார்ந்துக்குது. சில ஊர்கள்ல தலைவர் பதவியையே ஏலம் விட்டதாச் செய்தி வருது.

அதனால நான் கேக்கிற கேள்வி, கட்சி இருக்கான்னு இல்ல. குடத்துக்குள்ள யார் பேர் இருக்கு? கணக்கை யார் கேக்குறாங்க? உங்க ஊர் கிராம சபையில இதைக் கேட்டுப் பாருங்க.