பெட்டிக்குத் தனிப் பயணம்

பிரிட்டனின் நகரங்களை விடுமுறையில் சுற்றிப் பார்க்கும் வழக்கத்தின் வரலாறு பெரும்பாலும் ரயில்களின் வேகத்தையும் கட்டணத்தையும் முன்வைத்தே எழுதப்பட்டு வந்திருக்கிறது. ஆனால் லண்டன், யார்க், எடின்பரோ ஆகிய நகரங்களின் ரயில் நிலையங்களை ஒட்டி எழுந்த பெரிய ஓட்டல்கள், நடைமேடை வரைக்கும் குதிரை வண்டி வந்து நிற்கும்படி அமைந்த பாதைகள், சாமான்களை ஒப்படைத்துவிட்டுப் போகும் அறைகள் ஆகியவற்றை உற்று நோக்குபவருக்கு, அந்த வழக்கத்துக்கு உருவம் கொடுத்ததில் பயணியைக் காட்டிலும் அவருடைய பெட்டி படுக்கைக்குப் பங்கு அதிகம் என்பது விளங்கும். பயணிக்குக் கால் உண்டு. மரச்சட்டமும் தோலும் பித்தளைப் பூட்டும் கொண்ட ட்ரங்குப் பெட்டிக்கு அது இல்லை. ஆகவே ஒரு பயணத்துக்குத் திட்டமிடுவது என்பது, 19ஆம் நூற்றாண்டு முழுவதும், ஆளுக்கு ஒரு திட்டமும் பெட்டிக்கு ஒரு திட்டமுமாக இரண்டு வேலைகளாகவே இருந்தது.

1830 செப்டம்பர் 15 அன்று திறக்கப்பட்ட லிவர்பூல்–மான்செஸ்டர் இருப்புப்பாதை, அதுவரை நெடுஞ்சாலைகளில் ஓடிய குதிரைக் கோச்சுகளின் பழக்கங்களையே தண்டவாளத்தின் மேலும் தொடர்ந்தது. கோச்சுகளில் மூட்டை முடிச்சுகளைக் கூரைமேல் கட்டியதைப் போலவே ரயில் பெட்டிகளின் கூரையிலும் அவற்றைக் கட்டித் தார்ப்பாய் போர்த்தினார்கள். எஞ்சினிலிருந்து தீப்பொறி பறந்துகொண்டிருந்த காலத்தில் இந்த ஏற்பாடு நெடுநாள் தாக்குப்பிடிக்கவில்லை என்பதில் வியப்பில்லை. சாமான்களுக்கென்றே ஒரு பெட்டியை வண்டித் தொடரில் இணைத்து, அதிலேயே கார்டையும் அமர்த்தும் முறை படிப்படியாக நிலைபெற்றது. கார்டு வேன் என்று பிற்காலத்தில் அறியப்பட்டது இதுவே.

ஒரு பயணி எவ்வளவு சாமான் கொண்டுபோகலாம் என்பதில் அரசு முதன்முதலாகக் கணிசமாகத் தலையிட்டது 1844இல். வணிக வாரியத்தின் தலைவராக இருந்த வில்லியம் கிளாட்ஸ்டனின் முயற்சியால் அவ்வாண்டு நிறைவேறிய ரயில்வே சட்டம், ஒவ்வொரு தடத்திலும் நாள்தோறும் ஒரு வண்டியாவது மணிக்கு 12 மைலுக்குக் குறையாத வேகத்தில், மழை வெயில் படாத பெட்டிகளுடன், மைலுக்கு ஒரு பென்னி என்ற கட்டணத்தில் மூன்றாம் வகுப்பினருக்காக ஓட வேண்டும் என்று விதித்ததோடு, அவர்கள் 56 ராத்தல், அதாவது ஏறத்தாழ 25 கிலோ எடையுள்ள சாமான்களை இலவசமாகக் கொண்டுசெல்லவும் உரிமை தந்தது. விற்பனைச் சரக்கு இதில் சேராது. (பின்னாளில் நடுவில் விரிந்து திறக்கும் ஒரு வகைத் தோல் பைக்கு கிளாட்ஸ்டனின் பெயரே வழங்கலாயிற்று என்பது பொருத்தமான தற்செயல்.)

ஆனால் 'சாமான்' என்றால் என்ன? இந்தக் கேள்வியை நீதிமன்றங்கள் பலமுறை எதிர்கொண்டன. 1869இல் குழந்தை ஏறி ஆடும் மரக்குதிரை ஒன்று பயணியின் சொந்தச் சாமான் ஆகாது என்று தீர்ப்பாயிற்று. 1871இல், நிரந்தரமாகக் குடியேறப்போகும் வீட்டுக்காகக் கொண்டுவந்த போர்வைகளும் விரிப்புகளும் சாமானா என்ற வழக்கில், தலைமை நீதிபதி அலெக்சாண்டர் காக்பர்ன், பயணி தம் வகுப்பைச் சேர்ந்தவர்களின் பழக்கத்துக்கும் தேவைக்கும் ஏற்ப, அந்தப் பயணத்தின் உடனடித் தேவையையோ இறுதி நோக்கத்தையோ முன்னிட்டுத் தம் சொந்தப் பயன்பாட்டுக்காக எடுத்துச் செல்வதே சாமான் என்று வரையறுத்தார். வீட்டுக்கான படுக்கை விரிப்பு அதற்குள் அடங்கவில்லை. விடுமுறைக்குப் போகிறவரின் பெட்டியில் என்ன இருக்கலாம் என்பதை வகுப்பும் வழக்கமும் தீர்மானிக்கும் என்று சட்டமே ஒப்புக்கொண்ட இந்த வரையறை, விக்டோரியா காலச் சமூகத்தை அதன் நாவல்களைவிடச் சுருக்கமாகக் காட்டிவிடுகிறது.

ஆளுக்கான திட்டத்துக்குத் துணைநின்றது பிராட்ஷா. மான்செஸ்டரைச் சேர்ந்த வரைபடச் செதுக்குநர் ஜார்ஜ் பிராட்ஷா 1839இல் தொடங்கி, 1841 டிசம்பர் முதல் மாதந்தோறும் வெளியிட்ட ரயில் கால அட்டவணைத் தொகுப்பு, 1961 வரை அப்பெயரிலேயே வந்துகொண்டிருந்தது. எண்ணற்ற கம்பெனிகளின் வண்டிகளை ஒரே நூலில் அடக்கிய அதன் பொடி எழுத்துகளும் அடிக்குறிப்புகளும் படிப்பவரைத் திணறடிப்பதற்குப் பேர்போனவை. அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்றும் இருந்தது: ஒரே பயணத்தில் மூன்று கம்பெனிகளின் தடங்களைக் கடப்பவர் மூன்று முறை டிக்கெட் வாங்கிப் பெட்டியையும் மூன்று முறை மாற்ற வேண்டியிருந்தால் விடுமுறையே பாழாகிவிடும். 1842இல் லண்டனில் தொடங்கிய ரயில்வே கிளியரிங் ஹவுஸ், அதாவது கம்பெனிகளுக்கிடையே வருவாயைப் பங்கிட்டுக் கணக்குத் தீர்க்கும் பொது நிலையம், நேரடி டிக்கெட்டையும் நேரடியாகப் போகும் சாமானையும் சாத்தியமாக்கியது. அதுவும் செல்லாத இடங்கள் இருந்தன. 7 அடிக்குச் சற்று மேற்பட்ட அகலப் பாதையும் 4 அடி 8½ அங்குலப் பாதையும் சந்தித்த குளோஸ்டர் நகரில், 1844 முதல் ஆள்களோடு ஒவ்வொரு மூட்டையும் ஒரு வண்டியிலிருந்து இறங்கி மற்றொன்றில் ஏற வேண்டியிருந்தது. அந்தக் களேபரம் 1846இல் பத்திரிகைச் சித்திரமாகவே வெளிவந்து, அகலப் பாதைக்கு எதிரான வாதத்துக்கு வலுவூட்டியது.

லண்டனின் தொல்லை வேறு வகையானது. நகரின் மையப் பகுதிக்குள் ரயில் முனையங்களை அனுமதிக்கலாகாது என்று 1846இல் ஓர் அரச ஆணைக்குழு பரிந்துரைத்தது. அதன் விளைவாக யூஸ்டன், கிங்ஸ் கிராஸ், பாடிங்டன் முதலிய முனையங்கள் நகரைச் சுற்றி வேலி போல நின்றுவிட்டன. தெற்கிலிருந்து வந்த தடங்களுக்கு அந்தத் தடை பின்னர் தளர்ந்து, விக்டோரியா, சேரிங் கிராஸ் நிலையங்கள் 1860களில் எழுந்தன. மேற்கிலிருந்து வந்து ஸ்காட்லாந்துக்குப் போகிறவர், பாடிங்டனில் இறங்கிப் பெட்டிகளோடு தெருவைக் கடந்து கிங்ஸ் கிராஸ் சேர வேண்டியதாயிற்று. பாடிங்டனையும் ஃபாரிங்டனையும் இணைத்து 1863 ஜனவரி 10 அன்று திறக்கப்பட்ட சுரங்க ரயில் ஆள்களுக்கு உதவியது. ட்ரங்குப் பெட்டிகளோடு போகும் குடும்பத்துக்கு அது சரிப்படவில்லை. அவர்களுக்கு இருந்த வழி, கூரையில் பெட்டிகளை ஏற்றிக்கொள்ளும் நான்கு சக்கரக் குதிரை வண்டி, அல்லது ரயில் கம்பெனியிடமே முன்கூட்டிச் சொல்லி அமர்த்தும் குடும்ப ஆம்னிபஸ். பெட்டிகள் குவிந்த வண்டி ஒன்று நிலையத்தை விட்டுப் புறப்பட்டால், வேலையற்ற ஆள்கள் அதன் பின்னாலேயே மைல் கணக்கில் ஓடி, வீட்டு வாசலில் பெட்டியை இறக்கி மாடி ஏற்றிக் கொடுத்துச் சில பென்ஸ் கேட்பதும் அக்காலத் தெருக்காட்சி. ஒருவருடைய விடுமுறை மற்றொருவரின் மூச்சிரைப்பில் ஓடியதற்கு இதைவிட வெளிப்படையான சான்று கிடைப்பது அரிது.

நிலையத்துக்குள் அந்த உழைப்பு சீருடை அணிந்திருந்தது. வண்டி வாசலில் நின்றதுமே போர்ட்டர் எனப்படும் சுமைகூலி வந்து பெட்டிகளைத் தள்ளுவண்டியில் அடுக்கி, எந்த ஊர் என்று கேட்டு, சுவரில் ஊர்வாரியாகப் பிரித்த சிறு அறைகள் கொண்ட அடுக்கிலிருந்து அந்த ஊரின் பெயர் அச்சிட்ட தாளை உருவி, பசை தடவிப் பெட்டியின் மேல் ஒட்டுவார். அவ்வளவுதான், ரசீது கிடையாது. அமெரிக்காவில் எண் பொறித்த பித்தளை வில்லை ஒன்றைப் பெட்டியில் கட்டி, அதே எண்ணுள்ள வில்லையைப் பயணியிடம் கொடுத்து, வில்லையைக் காட்டியவரிடமே பெட்டியை ஒப்படைக்கும் முறை இருந்தது. பிரிட்டனிலோ போய்ச் சேரும் ஊரில் கார்டு வேனிலிருந்து இறக்கி நடைமேடையில் பரப்பிய பெட்டிகளுக்கு நடுவே, பயணி தம் பெட்டியைச் சுட்டிக்காட்டினால் போர்ட்டர் அதைத் தூக்கிக்கொண்டார். வெளிநாட்டவர் இதைக் கண்டு திகைத்தனர். அவர்களுக்காக எழுதப்பட்ட வழிகாட்டி நூல்கள், லேபிள் ஒட்டப்படுவதையும் சரியான வேனில் பெட்டி ஏறுவதையும் பயணியே நின்று பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அறிவுறுத்தின. பழைய பெட்டிகளில் முந்தைய பயணங்களின் லேபிள்கள் உரியாமல் இருந்து புதியதோடு குழம்புவதும் உண்டு. கிளியரிங் ஹவுஸ் தொலைந்த சாமான்களைத் தேடுவதற்கென்றே ஒரு பிரிவை நடத்தியதற்குக் காரணம் இருந்தது. போர்ட்டருக்கு இனாம் கொடுப்பதைக் கம்பெனி விதிகள் தடுத்தன. கொடுக்காமல் நகர்ந்த பயணியை வழக்கம் மன்னிக்கவில்லை. மிகக் குறைந்த கூலிக்கு ஆள் வைத்திருந்த கம்பெனிகளும் இந்த இனாமை மனத்தில் வைத்தே கணக்குப் போட்டன என்று கருத இடமுண்டு.

ஊர் சுற்றிப் பார்க்கும் பகல்பொழுதில் பெட்டியை எங்கே வைப்பது என்ற கேள்விக்கு விடையாக வந்தது க்ளோக் ரூம். மேலங்கிகளை வைக்கும் அறை என்னும் பொருள்படும் இப்பெயர், கைப்பை முதல் ட்ரங்குப் பெட்டி வரை எதையும் காசு வாங்கிக்கொண்டு காத்துத் தரும் அறைக்கு வழங்கியது. சேரிங் கிராஸ் நிலையத்தில் 2 பென்ஸ் கொடுத்துப் பை ஒன்றை ஒப்படைத்தவரின் வழக்கு 1877இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு வந்தது. அவருக்குக் கொடுத்த சீட்டின் முன்புறத்தில் 'பின்புறம் பார்க்க' என்றும், பின்புறத்தில் 10 பவுனுக்கு மேற்பட்ட மதிப்புள்ள பொருளுக்குக் கம்பெனி பொறுப்பாகாது என்றும் அச்சிடப்பட்டிருந்தது, அவருடைய பையின் மதிப்பு 24 பவுன் 10 ஷில்லிங், பை காணாமற்போனது. படிக்காத நிபந்தனை ஒருவரைக் கட்டுப்படுத்துமா என்பதற்கு, அதை அறிவிக்கக் கம்பெனி நியாயமான அளவுக்கு வழிசெய்ததா என்பதே அளவுகோல் என்று நீதிபதிகள் கூறி, மறு விசாரணைக்கு உத்தரவிட்டனர். இந்திய ஒப்பந்தச் சட்டம் பயிலும் மாணவர்கள் இன்றும் படிக்கும் பார்க்கர் வழக்கு இதுதான். க்ளோக் ரூம் என்ற சொல்லும் பிரிட்டிஷ் நிலையங்களில் வழக்கொழிந்த பின்னும், சென்னை சென்ட்ரல் உட்பட இந்திய நிலையங்களில் உயிரோடிருக்கிறது.

நிலையத்தோடு ஒட்டிய ஓட்டல், அதே சிக்கலுக்குப் பணம் படைத்தவர்களின் தீர்வு. 1839இல் யூஸ்டனில் தொடங்கிய இந்த மரபு, 1873இல் செயின்ட் பான்க்ராஸின் மிட்லண்ட் கிராண்ட், யார்க்கில் 1878, எடின்பரோ வேவர்லி நிலையத்தின் மேல் 1902இல் எழுந்த நார்த் பிரிட்டிஷ் என்று வளர்ந்தது. இந்த மூன்று நகரங்களையும் இணைத்து, லண்டனிலிருந்து காலை 10 மணிக்குப் புறப்படும் ஸ்காட்லாந்து விரைவு வண்டி 1862 முதல் ஓடியது. பத்தரை மணி நேரப் பயணத்தில், யார்க்கில் மதிய உணவுக்காக அரை மணி நேரம் நிற்கும்போது பயணிகள் இறங்கி ஓட, பெட்டிகள் மட்டும் வேனில் நிம்மதியாக இருந்தன. நார்த் பிரிட்டிஷ் ஓட்டலின் கோபுரக் கடிகாரம் மூன்று நிமிடம் முன்னதாக ஓடும்படி வைக்கப்பட்டது. பெட்டிகளோடு தாமதிப்பவர்கள் வண்டியைத் தவறவிடக் கூடாது என்ற அந்த ஏற்பாடு, ஆண்டின் கடைசி இரவு நீங்கலாக, இன்றும் தொடர்கிறது.

இந்த வரலாற்றின் உச்சம் முன்கூட்டி அனுப்பும் சாமான் என்ற சேவை. டிக்கெட் வாங்கிய பயணியின் வீட்டுக்கே கம்பெனியின் வண்டி வந்து பெட்டியை எடுத்துச் சென்று, அவர் தங்கவிருக்கும் ஓட்டலிலோ விடுதியிலோ சேர்த்துவிடும். அவர் பின்னர் கைப்பையோடு ரயிலேறலாம். இரு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் நடுத்தரக் குடும்பங்களிடையே இது பரவலாயிற்று. புறப்படுவதற்குச் சில நாள் முன்பே நல்ல உடைகளையெல்லாம் கட்டி அனுப்பிவிட்டு மிச்சமிருந்த துணியோடு நாள்களை ஓட்ட வேண்டியிருந்தது என்பதுதான் இதன் குறை.

இவை அனைத்தும் மலிவான உழைப்பையும் பரஸ்பர நம்பிக்கையையும் சார்ந்து நின்றவை, இரண்டும் தேய்ந்தன. 1884 பிப்ரவரியில் அயர்லாந்து விடுதலைத் தீவிரவாதிகள் விக்டோரியா நிலையக் காப்பறையில், அதாவது க்ளோக் ரூமில், வைத்த வெடிகுண்டு வெடித்தது. 1934இல் பிரைட்டன் நிலையக் காப்பறையில் கேட்பாரற்றுக் கிடந்த ட்ரங்குப் பெட்டிக்குள் பெண் ஒருவரின் உடல் கண்டெடுக்கப்பட்டது. 1939 ஜூலையில் கிங்ஸ் கிராஸ் காப்பறையில் வெடித்த குண்டு ஓர் உயிரைப் பலிகொண்டது. 1970களில் குண்டு அச்சம் திரும்பியபோது, காசு போட்டுப் பூட்டும் அலமாரிகளும் நிலையங்களிலிருந்து மறையத் தொடங்கின. போர்களின்போது பெண்கள் ஏற்று நடத்திய சுமைப்பணி, 1948இல் ரயில்வே நாட்டுடைமையான பின், கூலி உயர உயரச் சுருங்கி, பயணியே தள்ளும் தள்ளுவண்டிக்கு இடம்விட்டது. முன்கூட்டி அனுப்பும் சேவையும் நூற்றாண்டு முடிவதற்குள் நின்றுபோயிற்று. பெட்டிக்கே சக்கரம் பொருத்தும் யோசனைக்கு அமெரிக்காவில் 1972இல் காப்புரிமை வழங்கப்பட்டது. போர்ட்டர் இருந்தவரை அதற்குத் தேவை ஏற்படவில்லை என்றே சொல்லலாம்.

இன்றைய பிரிட்டிஷ் ரயில் விதிப்படி பயணி ஒருவர் மூன்று உருப்படிகளை இலவசமாகக் கொண்டுசெல்லலாம்: பெரியவை இரண்டு, ஒவ்வொன்றும் 30×70×90 சென்டிமீட்டருக்கு மேற்படாமல், அவற்றோடு ஒரு கைப்பை. ஏற்றுவதும் இறக்குவதும் பயணியின் வேலை.