மௌனமும் ஒரு சான்றே: தொண்டர் பரிசோதனையின் வரலாறு பற்றிய ஒரு குறிப்பு

சான்றுகள் எண்ணிக்கையில் மிகுவதனால் மாத்திரம் முழுமை பெற்றுவிடுவதில்லை. அரசரின் சாசனங்கள் மலிந்தும் உழவரின் குரல் அருகியும் கிடைக்கின்ற காலங்களை ஆராயும் வரலாற்று மாணவர் இதனை நன்கறிவர். கணினியுலகின் அண்மைக்கால வரலாறும் இவ்வுண்மையையே வலியுறுத்துகின்றது.

லாரி வோல் 1987 இல் வெளியிட்ட பேர்ள் என்னும் கணினி மொழிக்கு ஆர்வலர் பலர் செய்நிரல்களை எழுதினர். அவற்றைத் திரட்டி வைக்கும் சீபான் என்னும் களஞ்சியம் 1995 இல் தோன்றியது. எழுதுவோரிடம் ஓரிரு வகைக் கணினிகளே இருந்தன. பயன்படுத்துவோரிடமோ யுனிக்ஸ், வின்டோஸ், மக்கின்டொஷ் எனப் பல வகைகள் இருந்தன. இவ்விடைவெளியை நிரப்பும் பொருட்டு 1998 இல் கிரஹாம் பார், கிறிஸ் நன்டோர் ஆகியோர் சீபான் பரிசோதகர் என்னும் தொண்டர் முயற்சியைத் தொடக்கினர். தொண்டர்கள் தத்தம் கணினிகளிற் செய்நிரலை இயக்கி, அது தேறியதா, தவறியதா என அறிக்கை அனுப்பினர்.

பரிசோதனை தன்னியக்கமானதும் அறிக்கைகள் பெருகின. ஆயினும் அவை வசதியுள்ள திசையிலேயே பெருகின. லினக்ஸில் சீ மொழித் தொகுப்பி எளிதிற் கிடைத்தது. வின்டோஸில் அது இயல்பாக அமைந்திருக்கவில்லை. எனவே சீ மொழிப் பகுதிகளைக் கொண்ட செய்நிரல்களை அங்குப் பரிசோதிப்பது கடினமாயிற்று. தொகுப்பியையும் உடன்கொண்ட ஸ்ரோபெரி பேர்ள் வந்தபின்னரே இத்தடை தளர்ந்தது.

இன்னோர் இடைவெளி கண்ணுக்குப் புலனாகாதது. இன்டெல் கணினிகள் எண்ணின் சிறிய பகுதியை நினைவகத்தில் முதலில் வைப்பன. ஸ்பார்க் கணினிகளோ பெரிய பகுதியை முதலில் வைப்பன. இன்டெல் ஒழுங்கையே நம்பி எழுதப்பட்ட செய்நிரல் இன்டெல் கணினிகளில் ஆயிரம் முறை தேறினும், அது ஒரே சாட்சியை ஆயிரம் முறை விசாரித்தமைக்கே ஒப்பாகும்.

பேர்ள் பதிப்புகளையும் இயங்குதளங்களையும் எதிரெதிரே நிறுத்திய அட்டவணை பின்னர் உருவானபோது, நிரம்பிய கட்டங்களோடு வெற்றுக் கட்டங்களும் தெரியவந்தன. வெற்றுக் கட்டம் வெற்றியைக் குறிப்பதன்று. எவரும் பார்க்கவில்லை என்பதையே அது குறிக்கின்றது.

ஊதியமின்றி உழைப்போரை ஏவ எவருக்கும் உரிமை இல்லை. ஆனால் எங்கே ஆளில்லை என்பதை அறிவித்தால், அவ்வகைக் கணினி உடைய ஒருவர் முன்வரக்கூடும். அறிவியாதுவிடின், பரிசோதிக்கப்படாத கணினியில் நிகழும் தவற்றின் சுமை அதனைப் பயன்படுத்தும் சிறுபான்மையோர் மீதே விழும். ஆதலின், கிடைத்த அறிக்கைகளை எண்ணுவதோடு அமையாது, கிடையாதவற்றையும் எண்ணுதல் பரிசோதகர்க்கும் வரலாற்று மாணவர்க்கும் ஒருங்கே உரிய கடமையாகும்.