பங்கிம் சந்திரரும் நாவலைத் திருத்தும் நெறியும்

வங்க மண்ணில் வாழ வந்த தமிழராகிய நாம், பங்கிம் சந்திர சட்டோபாத்தியாயரைப் பெரும்பாலும் ஒரு பாடலின் ஆசிரியராகவே அறிவோம். அப்பாடலைப் பாரதியார் தமிழாக்கினார். அது இடம்பெற்ற ‘ஆனந்த மட’மும் தமிழில் வந்து நம் முன்னோர் பலரால் படிக்கப்பெற்றது. ஆயின், எழுதி முடித்த நாவலை மீண்டும் கையில் எடுத்து, அடித்தும் விரித்தும் மாற்றியும் செப்பனிட்ட பங்கிமரை நாம் அவ்வளவாக அறிந்திலோம். நம்மவர் இல்லங்கள் சிலவற்றில், துணிப்பெட்டியின் அடியில், அலுவலகத் தாள்களில் எழுதிய கதைக் கைப்பிரதி ஒன்றேனும் உறங்கிக் கொண்டிருப்பதை நாம் அறிவோம். அதை அச்சேற்றுவதா, திருத்துவதா, எங்கிருந்து தொடங்குவது என்னும் தயக்கமும் நாம் அறிந்ததே. அத்தயக்கத்துக்கு விடை சொல்லும் வரலாறு ஒன்று, நாம் வாழும் இவ்வூருக்கு மிக அருகிலேயே நிகழ்ந்துள்ளது.

நைஹாட்டியை அடுத்த காந்தால்பாராவில் 1838-இல் பிறந்த பங்கிமர், கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் முதல் இரு பட்டதாரிகளுள் ஒருவர். 1858 முதல் 1891 வரை அரசாங்கத்தில் டெபுடி மாஜிஸ்திரேட்டாகப் பணியாற்றியவர். ஊர் ஊராக மாற்றலாகிச் செல்லும் உத்தியோகத்துக்கு இடையே எழுதினார் என்பதை, மாற்றல் ஆணையின் அருமை பெருமைகளை அறிந்த நம் குடும்பங்களுக்கு விளக்க வேண்டுவதில்லை. 1872-இல் அவர் ‘வங்க தரிசனம்’ என்னும் மாத இதழைத் தொடங்கினார். அதன் பின்னர் அவர் நாவல்கள் பெரும்பாலும் இதழில் தொடராக வந்து, பின்பே நூலாயின. மாதந்தோறும் பக்கங்களை நிரப்பும் பொறுப்பு ஆசிரியராகிய அவருடையதே. எழுதிய மை உலருமுன் அச்சுக்கோப்பவர் வந்து நிற்கும் நிலை.

இந்நிலையை உணர்ந்தவர் என்பதாலேயே, 1885-இல் ‘பிரசார்’ இதழில் வங்கத்தின் புதிய எழுத்தாளர்களுக்கு அவர் விடுத்த சிறு வேண்டுகோள் நமக்கு மிகவும் பொருளுடையதாகிறது. எழுதியதை உடனே அச்சிடலாகாது. சில காலம் கிடப்பில் போட்டுப் பின்னர் எடுத்துப் பார்த்தால் குறைகள் தாமே தெரியும் என்பது அதில் அவர் கூறும் நெறிகளுள் ஒன்று. கட்டுரைக்குச் சில காலம் போதும். காவியம், நாடகம், நாவல் ஆகியவற்றுக்கு ஓரிரண்டு ஆண்டுகள் வேண்டும் என்பது அவர் கணக்கு. இதழ்களுக்கு எழுதுவோரால் இவ்விதியைக் காக்க இயலாது என்றும், ஆதலின் இதழ் எழுத்து எழுதுவோனுக்குத் தாழ்வையே தருகின்றது என்றும் அவரே ஒளிக்காமல் கூறிவிடுகின்றார்.

ஓரிரண்டு ஆண்டுகள் எதற்காக? இரண்டு நாள் போதாதா? நாம் கருதும் காரணம் இது. எழுதி முடித்தவுடன் கைப்பிரதியைப் படிக்கும் ஆசிரியன், தாளில் உள்ளதை மட்டும் படிப்பதில்லை. தன் நெஞ்சில் உள்ளதையும் சேர்த்தே படிக்கின்றான். கதைத்தலைவி ஏன் வீட்டை விட்டு வெளியேறினாள் என்பது அவனுக்குத் தெரியும். எனவே அதைத் தான் எழுதவேயில்லை என்பது அவன் கண்ணுக்குப் படுவதில்லை. காலம் கழிந்து நெஞ்சில் உள்ளது மங்கிய பின்னரே, தாளில் உள்ளது மட்டும் எஞ்சி நிற்கும். அப்பொழுதுதான் அவன் அயலான் ஒருவனைப் போலத் தன் கதையைப் படிக்க முடியும். திருத்தத்துக்கு ஆயத்தம் என்பது எழுதுகோலைக் கூர்மையாக்குவதன்று. இவ்வாறு அயலானாவதே ஆயத்தம்.

அதே வேண்டுகோளில் இன்னொரு நுட்பமான கருத்தும் உண்டு. அணியோ நகைச்சுவையோ மிக அழகாக அமைந்துவிட்டதாக எழுதுவோனுக்குத் தோன்றும் இடத்தை அடித்துவிட வேண்டும் என்பது பழைய விதி. பங்கிமர் அவ்வளவு கடுமை காட்டவில்லை. அவ்விடத்தை நண்பர்களுக்குத் திரும்பத் திரும்பப் படித்துக் காட்டச் சொல்கின்றார். நன்றாக இல்லையெனில், சில முறை படித்தபின் படிப்பவனுக்கே கூச்சம் வந்துவிடும். அப்பொழுது அடித்தால் போதும் என்கின்றார். நமக்கு இது புதிதன்று. நூலை அவையில் அரங்கேற்றுவது நம் பழைய மரபு. தொல்காப்பியத்தை அதங்கோட்டாசான் கேட்டமையைப் பாயிரம் கூறுகின்றது. ஆயினும் நம் அரங்கேற்றத்தில் குற்றம் காண்பவர் கேட்பவர். பங்கிமர் வழியிலோ படிப்பவனே தன் குற்றத்தைக் காண்கின்றான். நண்பர்கள் வாய் திறக்கவும் வேண்டுவதில்லை. தயவுதாட்சணியம் மிகுந்த நம் சங்கக் கூட்டங்களுக்கு இம்முறை மிகவும் ஏற்றது!

அவர் தம் விதியைத் தாமே காத்தாரா? முன்னர்க் காக்க இயலாததைப் பின்னர் ஈடு செய்தார் என்றே சொல்ல வேண்டும். தொடராக ஓடிய கதை நூலாகும்பொழுது திருத்தினார்; ஒவ்வொரு மறுபதிப்பின்போதும் மேலும் திருத்தினார். 1878-இல் நூலாகிய ‘கிருஷ்ணகாந்தர் உயில்’ இதற்குத் தக்க சான்று. பிரமரைத் துறந்து ரோகிணியின்பால் மனம் போக்கிய கோவிந்தலால், முதலில் குளத்தில் மூழ்கி உயிர் விடுவதாகக் கதை முடிந்திருந்தது. பின்வந்த திருத்தப் பதிப்பிலோ அவன் சாகவில்லை. துறவியாகிப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் ஒருமுறை ஊருக்குத் திரும்பி வருகின்றான். இது கடைசி அத்தியாயத்தில் மட்டும் நேர்ந்த மாற்றமன்று. சாவு கதையை முடித்துவிடும். மீண்டு வருகையோ முன் நிகழ்ந்த அனைத்தையும் மறுபடி எண்ணிப் பார்க்கச் செய்யும். பின்னைய முடிவே வலியது என்பது நம் துணிபு.

‘இந்திரா’ 1873-இல் சிறுகதை அளவில் வெளிவந்து, 1893-இல் முழு நாவலாக விரிந்தது. ‘ராஜசிங்கர்’ இதனினும் வியப்புக்குரியது. தொடராக வந்து இடையில் நின்று, 1882-இல் 83 பக்கங்களில் நூலான இக்கதை, 1893-இல் வந்த நான்காம் பதிப்பில் 434 பக்கங்களாயிற்று. திருத்தம் என்றால் வெட்டுவதே என்று எண்ணுவோர் இதனைக் கருதுதல் நலம்.

‘ஆனந்த மட’த்தின் திருத்தங்கள் மட்டும் இன்றுவரை வழக்காடப் பெறுகின்றன. இதழில் ஆங்கிலேயர் எனப் பகைவரைச் சுட்டிய இடங்கள் சில, பின்னைப் பதிப்புகளில் முஸ்லிம்களைக் குறிக்கும் சொற்களால் மாற்றப்பட்டன. அரசாங்க ஊழியர் ஒருவர் மேலதிகாரிகளின் சினத்துக்கு அஞ்சிச் செய்தது என்பர் சிலர். கதைப்போக்கை ஒட்டியதே என்பர் சிலர். இரண்டாண்டுக் காத்திருப்பு குறையைக் காட்டும். அச்சத்தையும் சேர்த்தே தூண்டக்கூடும். இம்மாற்றங்களில் கலைஞனின் கையைக் காட்டிலும் உத்தியோகஸ்தரின் கையே நமக்குத் தெரிகின்றது. அதன் சுமையைப் பிற்காலத்தில் சுமந்தவர் பங்கிமர் அல்லர் என்பதையும் மறைத்தற்கில்லை.

தமிழ்நாட்டிலும் முதல் நாவல்கள் சில இதழ்களின் வழியே வந்தன. ராஜம் ஐயரின் ‘கமலாம்பாள் சரித்திரம்’ 1893 முதல் 1895 வரை ‘விவேக சிந்தாமணி’யில் வெளிவந்து, 1896-இல் நூலாயிற்று; 1898-இல் இருபத்தாறு வயதில் அவர் மறைந்தார். அவர் பிறந்த அதே 1872-இல் பிறந்த மாதவையா, அதே இதழில் 1892-இல் ‘சாவித்திரி’யின் கதையைத் தொடங்கினார். இளம் விதவையின் துயரைப் பேசிய அது, சில இதழ்களோடு நின்றுபோயிற்று. 1903-இல் ‘முத்துமீனாக்ஷி’ என்னும் பெயரில், ஒரு பெண் தன் கதையைத் தானே கூறும் நூலாக அது வெளிவந்தது. பங்கிமர் கேட்டது இரண்டு ஆண்டுகள். மாதவையாவுக்கு வாய்த்தவை பதினொன்று. கல்கியின் நிலையோ வேறு. 1950-இல் தொடங்கிய ‘பொன்னியின் செல்வன்’ 1954-இல் முடிந்தது. அவ்வாண்டு டிசம்பர் 5-இல் அவர் காலமானார். வாரந்தோறும் எழுதிய அப்பெருங்கதையை அயலானாக நின்று படித்துப் பார்க்கும் அவகாசம் அவருக்குக் கிட்டவில்லை.

பங்கிமருக்கு அது சிறிது கிட்டியது. 1891-இல் ஓய்வு பெற்றபின், புதிய நாவல் எதனையும் அவர் வெளியிடவில்லை. 1892-இல் ‘ஆனந்த மட’த்தின் ஐந்தாம் பதிப்பு, 1893-இல் ‘இந்திரா’வும் ‘ராஜசிங்க’ரும். எல்லாம் பழைய கதைகள். எல்லாம் திருத்திய படிகள். 1894 ஏப்ரல் 8-இல் அவர் மறைந்தார். காந்தால்பாரா வீடு இன்று நினைவகமாகவும் ஆராய்ச்சி மையமாகவும் விளங்குகின்றது. சியால்தாவில் ரயிலேறினால் ஒரு மணி நேரப் பயணம்தான்.